641ஆல் வகுக்கச் சொன்னேன், கணினி பெருக்கியது

சில மாதங்களுக்கு முன் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். லட்சக்கணக்கான பதிவுகளை 641 பெட்டிகளில் பிரித்துப் போட வேண்டும். எந்தப் பதிவு எந்தப் பெட்டிக்குப் போகும் என்று முடிவு செய்ய, பதிவின் எண்ணை 641ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்வது இந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான். பெட்டிகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் பதிவுகள் ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக விழும். எனக்குத் தேவைப்பட்ட அளவுக்குப் பக்கத்தில் இருந்த பகா எண் 641. அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை.

வேகம் போதவில்லை என்று தோன்றியது. கம்பைலர் என் வரிகளை எப்படி இயந்திரக் கட்டளைகளாக மாற்றியிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். வகுத்தல் கட்டளையைத் தேடினேன், காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் இருந்தது: வந்த எண்ணை 6700417ஆல் பெருக்கு, விடையை 32 பிட் வலப்பக்கம் நகர்த்து. நான் எழுதிய வரிகளில் எங்கேயும் 6700417 கிடையாது.

கணினிக்கு வகுத்தல் மெதுவான வேலை, பெருக்கல் வேகமான வேலை. அதனால் வகுக்கும் எண் முன்கூட்டியே தெரிந்திருந்தால், கம்பைலர் அதைப் பெருக்கலாக மாற்றிவிடும். இது எனக்குத் தெரியும். 10ஆல் வகுக்கும்போது என்ன வரும் என்று முன்பே பார்த்திருக்கிறேன்: பத்து இலக்கத்தில் ஒரு பெரிய பெருக்கி வரும், பெருக்கிய பிறகு 35 பிட் நகர்த்த வேண்டும். 7ஆல் வகுத்தால் நடுவில் ஒரு கூட்டலும் சேர்ந்துகொள்ளும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பெருக்கி சிறியது, நகர்த்தல் சரியாக 32, அவ்வளவோடு முடிந்தது. இவ்வளவு சுத்தமாக வருமா என்றுதான் மனம் அங்கேயே நின்றுவிட்டது. தாளை எடுத்து இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்தேன்.

6700417 × 600 = 4020250200
6700417 × 40 = 268016680
6700417 × 1 = 6700417

மூன்றையும் கூட்டினால் 4294967297.

கணினியோடு பழகியவர்களுக்கு 4294967296 மனப்பாடமாகத் தெரிந்த எண். 2-ஐ 32 முறை பெருக்கினால் வருவது. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் அத்தனைதான், பழைய வகை இணைய முகவரிகளும் அத்தனைதான். என் தாளில் இருந்தது அதைவிட ஒன்று கூடுதல்: நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அந்த ஒன்றுதான் இவ்வளவு சுத்தத்துக்கும் காரணம். 32 பிட் வலப்பக்கம் நகர்த்துவது என்றால் 2³²ஆல் வகுத்து ஈவை மட்டும் எடுத்துக்கொள்வது. 6700417-ஐ 2³²ஆல் வகுத்தால் கிடைப்பது 1/641-ஐவிட இம்மியளவுதான் அதிகம். 32 பிட்டுக்குள் அடங்கும் எந்த எண்ணை எடுத்துப் பெருக்கினாலும், அந்தப் பிழை கூடிக் கூடி 1/641-ஐத் தொடுவதில்லை. 641ஆல் வகுக்கும்போது ஈவுக்குப் பின்னால் வரும் பின்னம் அதிகபட்சம் 640/641தானே. அதனால் பிழை அடுத்த முழு எண்ணுக்குத் தாவ வழியே இல்லை. 32 பிட் நகர்த்தியவுடன் ஈவு மட்டும் அப்படியே கையில் நிற்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் படித்திருந்த ஓர் எண் இது. ஃபெர்மா என்ற கணித மேதை, பகா எண் என்று நம்பிய எண்; அவருக்குப் பின் வந்த ஆய்லர் என்ற கணித மேதை உடைத்துக் காட்டிய எண். அது ஒரு பழைய கதை என்று நினைத்திருந்தேன். நான் எழுதிய ப்ரோகிராமுக்குள் அது வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும், அன்றிரவு ப்ரோகிராமை மூடிவைத்துவிட்டு இந்த எண்ணோடு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பல இரவுகளும் அப்படியே போயின.

ஓர் எண்ணைப் பற்றித் தேடினால் முதலில் கிடைப்பது ஒரு வரிசை. 4294967297 ஒற்றைப்படை எண். பகு எண். இரண்டே இரண்டு பகாக் காரணிகள் கொண்டது. எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் இதை வகுக்காது. குறைவெண்: தன்னைத் தவிர்த்த காரணிகளான 1, 641, 6700417 மூன்றையும் கூட்டினால் 6701059தான் வரும், எண்ணின் அளவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆறாவது ஃபெர்மா எண். 2-ஐ வைத்துச் சோதித்தால் பகா எண்ணைப்போல நடிக்கும் போலிப் பகா எண். இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிவது. இரும எண் முறையில் எழுதினால் முதலிலும் கடைசியிலும் 1, நடுவில் 31 பூச்சியங்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே.

இப்படி அடுக்கினால் அடையாள அட்டையைப் படித்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வரியும் உண்மைதான், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவைபோல் நிற்கின்றன. அந்த இரவுகளில் எனக்குப் புரிந்தது வேறு. இந்த வரிகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு செய்தியிலிருந்து கிளம்புகின்றன. அந்தச் செய்தி இவ்வளவுதான்: இந்த எண்ணாலோ இதன் காரணியாலோ வகுத்தால், 2³² ஒன்று குறைவாக நின்றுவிடுகிறது. 641ஆல் வகுத்தால் மீதி 640. 6700417ஆல் வகுத்தால் மீதி 6700416. வகுக்கும் எண்ணுக்கு ஒன்று குறைகிறது என்பதால் இந்த மீதியை −1 என்று எழுதிக்கொள்வது வசதி. இந்த −1-ஐக் கையில் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வருகின்றன.

முதலில் ஃபெர்மா. 2-இன் ஏதோ ஓர் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிப் பகா எண் கிடைக்க வேண்டுமானால், அந்த அடுக்கை 1-ஐத் தவிர வேறு எந்த ஒற்றைப்படை எண்ணும் வகுக்கக் கூடாது. வகுத்தால் எண் உடைந்துவிடும்: 2⁶ + 1 = 65, அது 5 × 13. 2¹² + 1 = 4097, அது 17 × 241. ஆகவே அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணாக இருந்தாக வேண்டும். அப்படி எழுதினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்தும் பகா எண்கள். 1640இல் ஃபெர்மா, ஃப்ரெனிக்கிள் என்ற கணித ஆர்வலருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வரிசையைத் தந்து, இதில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று தான் நம்புவதாகச் சொன்னார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இந்த வரிசையில் வருபவற்றைத்தான் ஃபெர்மா எண்கள் என்கிறார்கள். வரிசையில் ஆறாவதாக நின்றது நம் எண்.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதவியலாளர் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் கடைசியில், ஃபெர்மா சொன்ன இது உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தார். ஆய்லருக்கு முதலில் அதில் பெரிய ஆர்வம் வரவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. 1732இல், 25 வயதில், ஆய்லர் பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் ஒரு கட்டுரை படித்தார். ஆறாவது எண் 641ஆல் வகுபடுகிறது என்று அதில் இருந்தது.

641-ஐ எப்படிப் பிடித்தார்? வரிசையாக ஒவ்வொரு பகா எண்ணாகப் போட்டுப் பார்த்தால் 641 என்பது 116ஆவது. அதுவே ஒருவர் ஓரிரு நாள் பொறுமையாக உட்கார்ந்தால் முடிகிற வேலைதான். ஆனால் அவ்வளவுகூடத் தேவையில்லை என்று ஆய்லர் பின்னால் விளக்கினார். அந்த விளக்கத்தில்தான் −1 வேலை செய்கிறது.

ஒரு பகா எண் நம் எண்ணை மிச்சமின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1. வர்க்கம் எடுத்தால் 2⁶⁴-இன் மீதி 1. 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் எழுதினால், அந்த மீதிகள் ஒரு வட்டமாகச் சுற்றி 1-க்குத் திரும்பும். 64ஆவது அடியில் 1 வருகிறது. 32ஆவது அடியில் −1 இருந்ததால், அதற்குக் குறைந்த வட்டம் எதுவும் பொருந்தாது. ஆக, வட்டத்தின் நீளம் சரியாக 64. ஃபெர்மாவே கண்டுபிடித்த ஒரு தேற்றம் இருக்கிறது: இப்படிப்பட்ட வட்டத்தின் நீளம், பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணை மிச்சமின்றி வகுக்கும். எனவே நம் எண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும்.

இப்போது தேடல் எப்படிச் சுருங்குகிறது பாருங்கள். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தே வகுத்தல்கள். கையாலேயே செய்தேன். 193ஆல் வகுத்தால் மீதி 109. 257ஆல் 2. 449ஆல் 325. 577ஆல் 288. கடைசியாக 641. ஒவ்வோர் இலக்கமாக இறக்கி இறக்கி வந்து, கடைசி 7-ஐ இறக்கியபோது 4487 என்று நின்றது. 641 × 7 = 4487. மீதி பூச்சியம். விடை முன்பே தெரிந்திருந்தும், அந்தப் பூச்சியத்தை எழுதியபோது எனக்கு ஒரு சிலிர்ப்பு வந்தது உண்மை.

நடுவில் 257 விட்ட மீதி 2 என்பதைக் கவனித்தீர்களா? அதுவும் தற்செயல் இல்லை. ஃபெர்மா எண்களில் பெரியது எதையும் சிறியது எதனால் வகுத்தாலும் மீதி 2தான். அதனால் இரண்டு ஃபெர்மா எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்கவே முடியாது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் தனக்கென்று புதிய பகாக் காரணிகளைக் கொண்டுவருகிறது. அந்த வரிசைக்கு முடிவில்லை. ஆகவே பகா எண்களுக்கும் முடிவில்லை. இவ்வளவு பெரிய உண்மைக்கு இவ்வளவு சிறிய வழி.

1878இல் லூகாஸ் என்ற கணிதவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். 64 அல்ல, 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்று காட்டினார். அப்படியானால் மிஞ்சும் பகா எண்களில் 257-க்கு அடுத்ததே 641. 257தான் ஃபெர்மா எண் என்பதால் ஏற்கெனவே விலகிவிட்டது. ஆக முதல் வகுத்தலிலேயே விடை.

சரி, இன்னொரு காரணி 6700417 பகா எண்தானா? இதையும் அன்றே பார்த்துவிட்டேன். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588. அதற்குள் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்துதான். 6700417-ஐ இவற்றால் வகுத்தால் மீதி முறையே 170, 44, 120, 334, 622. பூச்சியம் எங்கும் இல்லை. அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிய ஓர் எண் பகா எண் என்று ஐந்து வகுத்தல்களில் முடிவுசெய்ய முடிந்தது, அது நம் எண்ணின் காரணி என்பதாலேயே. தனியாக நின்றிருந்தால் 2588 வரை உள்ள பகா எண்கள் அத்தனையையும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஃபெர்மாதான். மேலே சொன்ன தேற்றத்தை அவர் ஃப்ரெனிக்கிளுக்கு எழுதியது அதே 1640 அக்டோபரில். அதே ஆண்டில், அதே உத்தியால், 2³⁷ − 1 என்ற பன்னிரண்டு இலக்க எண்ணை 223 வகுக்கிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அங்கே காரணிகள் 74-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும்; 149, அடுத்தது 223, முடிந்தது. அந்தக் கருவியை எடுத்து 4294967297 மேல் வைத்திருந்தால் ஐந்தாவது வகுத்தலில் 641 விழுந்திருக்கும். ஒருவேளை வைத்தும் பார்த்திருக்கலாம். நடுவில் ஏதோ ஓர் இலக்கம் தவறியிருக்கலாம். நானே 449ஆல் வகுக்கும்போது ஒருமுறை தவறவிட்டு மறுபடி தொடங்கினேன். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஐந்து எண்கள் வரிசையாகப் பகா எண்களாக வந்தால் யாருக்கும் ஆறாவதின் மேல் நம்பிக்கை வரும். தன்னிடம் நிரூபணம் இல்லை என்று எழுதிவைத்த நேர்மை பெரிது.

இந்த எண் ஏமாற்றக்கூடியதும்தான். ஃபெர்மாவின் தேற்றத்தை ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம்: ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 2-ஐ அத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். நம் எண்ணுக்கு இதைச் செய்தால் மீதி 1தான் வருகிறது! காரணம் மறுபடியும் அதே −1. 2³²-இன் மீதி −1 என்பதால் 2⁶⁴-இன் மீதி 1. நமக்கு வேண்டிய அடுக்கோ 4294967296. அது 64-இன் மடங்கு. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1. ஃபெர்மா எண்கள் எல்லாமே, பகா எண்ணோ பகு எண்ணோ, இந்தச் சோதனையில் இப்படித் தப்பிவிடும். போலிப் பகா எண் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

2-க்குப் பதில் 3-ஐ எடுத்தால் வேஷம் கலைந்துவிடும். 3-ஐ 32 முறை வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும். 9, 81, 6561, 43046721 வரை சிரமமில்லை. ஐந்தாவது வர்க்கம் 1853020188851841. 4294967297ஆல் வகுத்தால் மீதி 3793201458. அதுவரை கையால் செய்தேன், தாள் நிறைந்துவிட்டது. மிச்சத்தைக் கணினியிடம் கொடுத்தேன். 32ஆவது முறை முடிந்ததும் நின்ற மீதி 3029026160. பகா எண்ணாக இருந்தால் அங்கே 1 நின்றிருக்க வேண்டும். காரணி என்ன என்று தெரியாமலேயே இது பகு எண் என்று சொல்லிவிடுகிறது இந்த ஒரு மீதி. 1877இல் பெபின் ஃபெர்மா எண்களுக்கென்றே தந்த சோதனை ஏறக்குறைய இதுதான். ஒரு வர்க்கம் முன்னாலேயே நின்று, மீதி −1 வருகிறதா என்று பார்ப்பது.

வர்க்கங்களின் கூட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகப் பிடித்த இடம். நம் எண் 65536² + 1² என்பது பார்த்தவுடனே தெரியும். 4-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். இதைச் சொன்னவரும் ஃபெர்மாதான், நிரூபித்தவரும் ஆய்லர்தான். அப்படியானால் இரண்டாவது விதம் ஒன்று கிடைத்தாலே எண் பகு எண் என்று ஆகிவிடும். காரணிகளை எடுத்துக்கொள்வோம்: 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இந்த இரண்டையும் பெருக்கும்போது குறுக்கே 25 × 2556 = 63900, 4 × 409 = 1636, 25 × 409 = 10225, 4 × 2556 = 10224 என்று நான்கு பெருக்கல்கள் வருகின்றன. 63900-ஐயும் 1636-ஐயும் கூட்டினால் 65536. 10225-இலிருந்து 10224-ஐக் கழித்தால் 1. அந்த ஒன்று இப்படி, நூலிழை வித்தியாசத்தில் பிறக்கிறது. கூட்டியதைக் கழித்து, கழித்ததைக் கூட்டினால் 62264, 20449. ஆகவே 62264² + 20449²-உம் அதே 4294967297. கூடுதலாக, 20449 என்பது 143-இன் வர்க்கம். இதற்கு ஆழமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது.

641 வகுக்கும் என்பதைப் பெரிய எண் எதையும் எழுதாமலே காட்டும் ஒரு வழியும் உண்டு. 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து, 641ஆல் வகுத்தால் 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து, 5⁴-இன் இடத்தில் −2⁴-ஐ வைக்கலாம். வைத்தால் −2³²-இன் மீதி 1, அதாவது 2³²-இன் மீதி −1. முடிந்தது. இதை முதல்முறை படித்தபோது மூன்று முறை திரும்பிப் படித்தேன்.

கணக்கு நிபுணர்கள் மட்டும் இதைத் தொட்டார்கள் என்றில்லை. ஸெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவனை, எட்டு வயது நிரம்பும் முன்னரே, 1812இல் லண்டனில் பலர் முன்னிலையில் மனக்கணக்கில் சோதித்தார்கள். இந்த எண்ணையும் அவனிடம் கொடுத்தார்கள். 641ஆல் வகுபடும் என்று சொல்லிவிட்டான்.

நம் எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் எண்களையும் பார்க்காமல் விட முடியாது. 4294967296-இல் 2-ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லை. அதற்கு முந்தைய 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அத்தனையும் இதில் இருக்கின்றன, வேறெதுவும் இல்லை. பெருக்கிப் பாருங்கள்: 15, 255, 65535, பிறகு 4294967295. 1796இல், 18 வயதில், 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று காஸ் கண்டார். அதன் முழு வடிவம்: ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரைய முடிய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை ஃபெர்மா பகா எண்களை ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு மேல் வராமல் பெருக்கியதாக இருக்க வேண்டும். முடியாதவை ஏன் முடியாது என்பதை 1837இல் வான்ட்செல் நிரூபித்தார். ஐந்து பகா எண்களை வைத்து 31 எண்கள் அமைகின்றன. அவற்றில் மிகப் பெரியது 4294967295. 65537 பக்கப் பலகோணத்துக்கு மட்டுமே ஹெர்மெஸ் என்பவர் பத்து ஆண்டுகள் உழைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கனில் ஒரு பெட்டியில் இருக்கிறது.

அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்கள். ஒன்று 32 பிட் கணினியால் எழுதக்கூடிய மிகப் பெரிய எண், அதுவே வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியதும். நடுவில் வெறும் 2-களால் ஆனது. மூன்றாவது, ஃபெர்மாவின் நம்பிக்கை உடைந்த இடம். 32 பிட்டில் 641-ஐயும் 6700417-ஐயும் பெருக்கினால் நடு எண் வழிந்தோடிப்போய் விடை 1 என்று வருகிறது. அந்தக் கணினியின் உலகத்தில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். என் கம்பைலர் பயன்படுத்தியதும் இந்த உறவைத்தான்.

1/641-ஐத் தசமத்தில் எழுதிப் பார்ப்பதையும் சிபாரிசு செய்கிறேன். புள்ளிக்குப் பின் 0015600624024960 என்று 16 இலக்கம், பிறகு 9984399375975039 என்று 16 இலக்கம், அப்புறம் முதலிலிருந்து சுற்றும். இரண்டு பாதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்று வைத்துக் கூட்டினால் எல்லாம் 9. பத்தின் 16ஆம் அடுக்கை 641ஆல் வகுத்தால் மீதி −1 வருவதுதான் காரணம். இங்கேயும் −1, இங்கேயும் நீளம் 32.

ஆய்லருக்குப் பிறகு புதிதாக ஒரு ஃபெர்மா பகா எண்கூடக் கிடைக்கவில்லை. அடுக்கு 32-இலிருந்து தொடர்ந்து 28 ஃபெர்மா எண்கள் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அவற்றில் சிலவற்றுக்குப் பகு எண் என்று நிரூபணம் இருக்கிறது, ஒரு காரணிகூடக் கையில் இல்லை. பெபின் சோதனை அப்படிப்பட்டது: உடைகிறது என்று சொல்லும், எங்கே உடைகிறது என்று சொல்லாது. இன்னும் முடிவு தெரியாத எண்களில் முதலாவதுக்கு 258 கோடிக்கு மேல் இலக்கங்கள்.

நம் எண்ணுக்கு அடுத்த ஃபெர்மா எண் 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617. 1855இல் கிளாசன் அதன் காரணிகளை காஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தார். 1880இல் லான்ட்ரி, தன் 82ஆவது வயதில், தானாகவே உடைத்துக் காட்டினார். 274177 × 67280421310721. இதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். 32 பிட்டில் 641-க்கு நடந்தது 64 பிட்டில் இந்த 274177-க்கும் நடக்க வேண்டுமே? ப்ரோகிராமை மறுபடி திறந்தேன். 64 பிட் எண் ஒன்றை 274177ஆல் வகுக்கும்படி ஒரே ஒரு வரி எழுதி, கம்பைலர் தந்த கட்டளைகளைப் பார்த்தேன். ஒரு பெருக்கல், மேல் 64 பிட்டை எடுத்துக்கொள், அவ்வளவுதான். பெருக்கிய எண் 67280421310721.